வைரம் கிடைச்சா மட்டும் போதுமா? – போட்ஸ்வானா சொல்லும் பாடம்



ஒரு சின்னக் கணக்குல ஆரம்பிக்கலாம். உங்க ஊர்ல பைபாஸ் ரோடு போட நிலம் எடுக்குறாங்கன்னு வச்சுக்கோங்க. அண்ணன், தம்பி ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 50 லட்சம் நஷ்டஈடு வருது. அண்ணன் அந்த மாசமே கார் எடுக்குறார், ஊரைக் கூட்டி காதுகுத்து வைக்கிறார், வீட்டுக்கு மாடி கட்டுறார். தம்பி பாதியை பேங்க்ல போட்டுட்டு, மீதியில பக்கத்து ஊர்ல கொஞ்சம் நிலம் வாங்கி, போர் போட்டு, பொண்ணை காலேஜ்ல சேர்க்குறார். பத்து வருஷம் கழிச்சு ரெண்டு வீட்டுக்கும் போய்ப் பாருங்க. வந்த காசு ஒண்ணுதான். ஆனா வீடு ரெண்டும் ஒண்ணா இருக்காது.

இதே கதை நாடுகளுக்கும் நடக்குது. மண்ணுக்குள்ள வைரமோ, செம்போ, இரும்போ இருக்குற நாடு அதைத் தோண்டி விக்குதுன்னா, அது சம்பளம் வாங்கலை, சொத்தை விக்குது. ஒரு தடவை வித்தா வித்ததுதான். நெல்லு மாதிரி அடுத்த பட்டத்துல திரும்ப முளைக்காது. இந்த ஒரே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்ட நாடு எழுந்து நின்னுச்சு. புரிஞ்சுக்காத நாடு, கையில் கோடி கோடியா காசு வந்தும் தரைக்கு வந்துடுச்சு.

புரிஞ்சுக்கிட்ட நாடுன்னு உலகம் முழுக்க எடுத்துக்காட்டுறது ஆப்பிரிக்காவுல இருக்குற போட்ஸ்வானாவை. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவா பார்ப்போம். இது வெறும் புகழ்பாட்டு இல்லை. அவங்க எங்க சறுக்குனாங்கங்கிறதும் இதுல வரும்.

12 கிலோமீட்டர் ரோடு

1966 செப்டம்பர் 30. பிரிட்டனிடமிருந்து போட்ஸ்வானாவுக்கு சுதந்திரம் கிடைத்த நாள். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனா அதுல பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். கடற்கரை கிடையாது. மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தாண்டவில்லை. நாடு முழுக்க இருந்த தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர். நம்ம பஸ்ஸுல போனா அரை மணி நேரத்துல ஒரு நாட்டோட மொத்த ரோடும் முடிஞ்சிடும்! பட்டதாரிகள் எத்தனை பேர் தெரியுமா? 22 பேர். நம்ம காலேஜ்ல ஒரு பெஞ்ச் வரிசைக்குக் கூட நிறைஞ்சு வராது.

வருமானம்னு பார்த்தா மாட்டிறைச்சி ஏற்றுமதி, அப்புறம் தென்னாப்பிரிக்க சுரங்கங்களுக்கு வேலைக்குப் போன ஆண்கள் அனுப்புன பணம். அந்த நேரத்துல கடுமையான வறட்சி வேற. அரசாங்கம் தன்னோட அன்றாடச் செலவுக்கே பிரிட்டன் கொடுத்த மானியத்தை நம்பித்தான் ஓடுச்சு. "இந்த நாடு தேறாது"ன்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா, மறுத்துப் பேச ஆள் இருந்திருக்காது.

அடுத்த வருஷமே கதை மாறியது. 1967-ல் டி பியர்ஸ் நிறுவனத்தின் புவியியலாளர்கள், பன்னிரண்டு வருஷத் தேடலுக்குப் பிறகு, ஒராபா என்ற இடத்தில் வைரம் இருக்கும் பாறையைக் கண்டுபிடித்தார்கள். 1971-ல் சுரங்கம் திறந்தது. 1982-ல் ஜ்வானெங் சுரங்கம் திறந்தது. மதிப்பைக் கணக்கில் எடுத்தால் உலகின் மிக வளமான வைரச் சுரங்கம் என்று பெயர் வாங்கியது அதுதான்.

இதுல ஒரு சுவாரஸ்யம் சொல்லணும். ஜ்வானெங்குல வைரப் பாறை பல மீட்டர் மணலுக்கு அடியில மூடிக்கிடந்தது. ஈரம் தேடி ஆழமா இறங்குற கரையான்கள், கீழ இருந்து சின்னச் சின்ன கனிமத் துகள்களை மேல கொண்டுவந்து போட்டிருந்துச்சு. கார்னெட், இல்மனைட் மாதிரி வைரத்துக்குத் துணையா வர்ற துகள்கள் அவை. அதைத் துப்பா வச்சு புவியியலாளர்கள் கீழ இறங்கிப் பார்த்தாங்க. கரையான் புத்துல பாம்பு இருக்கும்னுதான் நமக்குத் தெரியும். வைரத்துக்கு வழியும் இருந்திருக்கு!

கல் யாருக்குச் சொந்தம்?

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வருவோம். வைரம் கிடைச்சதும் முதல் கேள்வி, "இது யாருக்குச் சொந்தம்?"

போட்ஸ்வானாவில் நிலம் பழங்குடிக் குலங்களிடம் இருந்தது. ஒராபா இருந்த இடம் பாங்வாட்டோ குலத்தின் நிலம். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா அதே குலத்தின் அரச வாரிசு. அவர் நினைச்சிருந்தா, "எங்க குலத்து நிலம், எங்க குலத்துக்கே காசு"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. 1967-ல் வந்த சுரங்க, கனிமச் சட்டம் நிலத்தடி கனிமங்களை எல்லாம் மொத்த நாட்டுக்கும் சொந்தமாக்கியது. குலங்கள் தங்கள் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தன.

இது ஏன் பெரிய விஷயம்? எந்தக் குலத்து நிலத்துல கல் இருக்குன்னு பார்த்து காசு பிரிச்சிருந்தா, கல் இல்லாத குலம் எல்லாம் சண்டைக்கு வந்திருக்கும். காசு வந்து குவிஞ்ச பிறகு விதி எழுத உட்கார்ந்தா, ஒவ்வொருத்தரும் தன் பங்கைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. பானையில சோறு வேகுறதுக்கு முன்னாடியே யாருக்கு எவ்வளவுன்னு பேசி முடிச்சுட்டாங்க.

பாறையும் ஒரு காரணம்

எல்லாப் பெருமையையும் தலைவர்களுக்கே கொடுத்துட முடியாது. புவியியலும் கை கொடுத்துச்சு. அதை நம்ம இன்ஜினியரிங் கண்ணோட பார்ப்போம்.

வைரம் ரெண்டு விதமா கிடைக்கும். ஒண்ணு, கிம்பர்லைட் குழாய். பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து எரிமலை வழியாக மேலே வந்து உறைந்த கேரட் வடிவப் பாறை. ரெண்டாவது, ஆற்று மணல் வைரம். கிம்பர்லைட் பாறை மழையிலும் வெள்ளத்திலும் அரிச்சு, வைரம் மட்டும் ஆத்தோட அடிச்சுட்டுப் போய் மணல்ல தங்கிடும்.

ஆற்று மணல் வைரத்துக்கு மண்வெட்டியும் சல்லடையும் போதும். யார் வேணா எடுக்கலாம். துப்பாக்கி வச்சிருக்கிறவன் எடுக்குறவனை மிரட்டிப் பிடுங்கலாம். சியரா லியோனில் நடந்தது இதுதான். 1991 முதல் 2002 வரை ஓடிய உள்நாட்டுப் போருக்கு அங்கிருந்த வைரம் தீனி போட்டது. இப்படிப்பட்ட "ரத்த வைர" வியாபாரத்தைத் தடுக்கத்தான் 2003-ல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது.

கிம்பர்லைட் அப்படி இல்லை. ஒரு டன் பாறையை உடைச்சா, நல்ல சுரங்கத்துலயே ஒரு காரட், இல்லைன்னா அதைவிடக் கொஞ்சம் கூட தேறும். ஒரு காரட்னா 0.2 கிராம். அந்த 0.2 கிராமுக்காக பாறையை வெடிவச்சுத் தகர்த்து, அரைச்சு, ஃபெர்ரோசிலிக்கான் கலந்த அடர்த்தியான திரவத்துல விடணும். கனமான துகள்கள் அடியில போகும், லேசானது மிதக்கும். அடியில தங்குனதை எக்ஸ்-ரே கதிருக்கு அடியில ஓடவிட்டா வைரம் ஒளிரும். அதை சென்சார் பார்த்த நொடியில காத்தழுத்தம் அடிச்சு தனியா தள்ளிவிடும். இதுக்கு கோடிக்கணக்கான முதலீடு, வேலி, கணக்கு, ஆட்கள் எல்லாம் வேணும். அதனால திருடுறது கஷ்டம், வரி போடுறது சுலபம்.

ஆக, போட்ஸ்வானாவுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்துச்சு. ஆனா அதிர்ஷ்டம் மட்டும் இருந்த நாடுகளும் நிறைய இருக்கு. அடுத்து அவங்க பேசுன பேரத்தைப் பாருங்க.

15-லிருந்து 50

ஒராபாவுக்காக ஆரம்பிச்ச கம்பெனியில போட்ஸ்வானா அரசுக்கு முதலில் கிடைத்த பங்கு 15 சதவீதம். அதைத் திட்டவும் இல்லை, சுரங்கத்தைப் பிடுங்கவும் இல்லை. விவரம் தெரிஞ்ச ஆட்களை வச்சுக்கிட்டு மறுபடி பேச உட்கார்ந்தாங்க. 1975-ல் பங்கு 50 சதவீதம் ஆனது. இன்றைக்கு டெப்ஸ்வானா என்ற பெயரில் இயங்கும் கம்பெனியில் அரசும் டி பியர்ஸும் சரிபாதி. வரி, ராயல்டி, ஈவுத்தொகை எல்லாம் சேர்த்தால் லாபத்தில் சுமார் 80 சதவீதம் அரசுக்கு வந்து சேர்கிறது என்பது பொதுவான கணக்கு.

இங்க ஒரு கேள்வி கேட்கணும். கம்பெனி "இந்தக் கல்லு 100 ரூபாதான் பெறும்"னு சொன்னா அரசு எப்படி நம்பும்? உலகம் முழுக்க சுரங்க நாடுகள் ஏமாறுற இடம் இதுதான். கம்பெனி தன்னோட இன்னொரு கிளைக்கே சல்லிசான விலைக்கு வித்துட்டு, வரி கம்மியா இருக்குற நாட்டுல லாபத்தைக் காட்டிடும். பேப்பர்ல எல்லாம் சட்டப்படிதான் இருக்கும். இதைத் தடுக்க போட்ஸ்வானா அரசு தன் பக்கத்துக்கும் வைர மதிப்பீட்டாளர்களை வைத்தது. கல்லைக் கையில எடுத்துப் பார்த்து "இல்லைங்க, இது இவ்வளவு பெறும்"னு சொல்லத் தெரிஞ்ச ஆள் நம்ம பக்கம் இருந்தாத்தான் பேரம் பேரமா இருக்கும்.

22 பட்டதாரிகளோட ஆரம்பிச்ச நாடு இதைச் செஞ்சதுங்கிறதை மறந்துடாதீங்க. ஆரம்பத்துல வெளிநாட்டு நிபுணர்களைச் சம்பளத்துக்கு வச்சுக்கிட்டாங்க. அவசரப்பட்டு தகுதி இல்லாத ஆட்களை நாற்காலியில உட்கார வைக்கலை. அதே நேரம் உள்ளூர்ப் பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க.

வந்த காசை என்ன செஞ்சாங்க?

திடீர்னு காசு வந்தா வர்ற ஒரு நோய் இருக்கு. அதுக்குப் பேரே "டச்சு நோய்". 1959-ல் நெதர்லாந்தில் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடித்தார்கள். வாயு வித்த காசு வெளிநாட்டுலயிருந்து கொட்டுச்சு. அந்த நாட்டு நாணயத்துக்கு மதிப்பு ஏறிடுச்சு. விளைவு, அவங்களோட மத்த பொருள் எல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு விலை கூடிப்போச்சு, தொழிற்சாலைகள் தடுமாறுச்சு. அதாவது, ஒரு பிள்ளை ரொம்ப நல்லா சம்பாதிச்சதால மத்த பிள்ளைகள் வேலை இழந்த கதை.

இதோட இன்னொரு தொல்லை, கனிம விலை ஏறி இறங்குறது. ஏறுற வருஷம் அரசாங்கம் ஆடம்பரமா செலவு செய்யும், இறங்குற வருஷம் கடன் வாங்கும்.

போட்ஸ்வானா இதுக்கு மூணு வேலை செஞ்சுது.

முதலாவது, 1976-ல் சொந்த நாணயம் கொண்டுவந்து, அதன் மதிப்பைக் கவனமா கட்டுக்குள் வச்சுது. நாணயத்தின் பெயர் "பூலா". அவங்க மொழியில மழைன்னு அர்த்தம். வறண்ட பூமியில மழையைவிடப் பெரிய செல்வம் ஏது?

இரண்டாவது, 1994-ல் "பூலா நிதி" என்ற சேமிப்பை உருவாக்கி, மிச்சப் பணத்தை வெளிநாட்டு முதலீடுகளில் போட்டது. நல்ல வருஷத்துல போடு, கெட்ட வருஷத்துல எடு.

மூன்றாவது, ஒரு விதி. கனிம வருமானத்தைச் சம்பளம், அலுவலகச் செலவு மாதிரி தினசரிச் செலவுக்குப் போடக்கூடாது. ரோடு, மின்சாரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி அடுத்த தலைமுறைக்கும் பயன் தர்றதுக்குத்தான். நிலத்தடிச் சொத்தை நிலத்துக்கு மேல இருக்குற சொத்தா மாத்துறதுதான் இதன் அடிப்படை. நகையை வித்து மனை வாங்கலாம். நகையை வித்து பிரியாணி சாப்பிடக்கூடாது!

பலன்? சுதந்திரத்துக்குப் பிறகு சுமார் முப்பது வருஷம், தனிநபர் வருமான வளர்ச்சியில் உலகிலேயே முன்னணியில் நின்ற நாடுகளில் ஒன்று போட்ஸ்வானா. 1994-ல் ஐ.நா.வின் "மிகவும் பின்தங்கிய நாடுகள்" பட்டியலிலிருந்து முதன்முதலில் வெளியேறிய நாடும் அதுதான்.

காசு எப்படி உயிர் காத்ததுன்னும் சொல்லணும். 1990-களின் கடைசியில் எச்.ஐ.வி. அந்த நாட்டைச் சூறையாடியது. வயது வந்தோரில் நாலுல ஒருத்தருக்கு மேல பாதிப்பு. சராசரி ஆயுட்காலம் சரிந்தது. 2002-ல் "மாசா" என்ற திட்டத்தின் மூலம் எச்.ஐ.வி. மருந்தை அரசே மக்களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது. "மாசா" என்றால் புதிய விடியல். ஆப்பிரிக்காவில் அப்படிச் செய்த முதல் நாடு அது. வெளிநாட்டு உதவியும் வந்தது, உண்மைதான். ஆனா கையில காசும், ஓடுற அளவுக்கு ஒரு அரசு நிர்வாகமும் இருந்ததால்தான் மாத்திரை கிராமம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் வீட்டுக் கதை

பசிபிக் கடல்ல நவ்ருன்னு ஒரு தீவு. மொத்தம் 21 சதுர கிலோமீட்டர். தீவு முழுக்க பாஸ்பேட், அதாவது உரத்துக்கான மூலப்பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அயல்நாட்டு ஆட்சியாளர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். தீவுக்காரர்களுக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். 1968-ல் சுதந்திரம் வந்த பிறகு சுரங்கம் நவ்ருவின் கைக்கே வந்தது. 1970-களில் தனிநபர் வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளோடு போட்டி போட்டது.

வருமான வரி கிடையாது. பத்தாயிரம் பேர் கூட இல்லாத தீவுக்கு சொந்த விமான கம்பெனி, பல ஜெட் விமானங்கள். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம். லியோனார்டோ டா வின்சியைப் பற்றி லண்டனில் ஒரு இசை நாடகத்துக்குக் கூட பணம் போட்டார்கள். அது படுதோல்வி. சேமிப்பு நிதி இல்லாமலும் இல்லை, இருந்தது. ஆனா அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லை, கணக்கு வெளிச்சத்துக்கு வரலை. பாஸ்பேட் தீர்ந்தது. கட்டடத்தை விற்றார்கள். தீவின் சுமார் 80 சதவீத நிலம் தோண்டப்பட்டு, கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்களாக நிக்குது. அதுல வீடும் கட்ட முடியாது, விவசாயமும் செய்ய முடியாது.

பாருங்க, சேமிப்பு நிதி ரெண்டு நாட்டுலயும் இருந்துச்சு. உண்டியல் வாங்குறது பெரிய விஷயம் இல்லை. உண்டியலை யார் திறக்கலாம், திறந்தா யாருக்குக் கணக்கு சொல்லணுங்கிறதுதான் விஷயம்.

சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்

நாடு முன்னேறிடுச்சுன்னா சுரங்கத்துக்குப் பக்கத்துல இருக்குற ஊரும் முன்னேறிடுச்சுன்னு அர்த்தமா? இல்லைங்க. தூசி அவங்க மூச்சுல, கழிவு அவங்க ஆத்துல, காசு மட்டும் தலைநகர்லன்னா எத்தனை நாளைக்குப் பொறுப்பாங்க?

பாப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் பங்குனா செம்புச் சுரங்கம் 1972-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். சுரங்கக் கழிவு ஜாபா ஆற்றை நிறைத்தது. நிலத்துக்காரர்களுக்கு வந்தது மிகச் சொற்பம். அந்தத் தீவின் பெரும்பாலான பகுதிகளில் நிலம் தாய்வழியில் போகும். ஆனா பேச்சுவார்த்தை மேசையில பெண்களுக்கு இடமே இல்லை. 1989-ல் கிளர்ச்சி வெடித்து சுரங்கம் மூடியது. பத்து வருஷம் உள்நாட்டுப் போர், ஆயிரக்கணக்கான சாவு. 2019 வாக்கெடுப்பில் சுமார் 98 சதவீதம் பேர் தனிநாடு வேணும்னு ஓட்டுப் போட்டார்கள். சுரங்கம் வச்ச நெருப்பு இன்னும் அணையலை.

போட்ஸ்வானாவுக்கும் இந்த விஷயத்துல கறை இருக்கு. மத்திய கலஹாரி சரணாலயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சான் மக்களை 1997-லும் 2002-லும் அரசு வெளியேற்றியது. வைரத்துக்காகத்தான் என்று பலர் குற்றம் சாட்டினார்கள். வனவிலங்குப் பாதுகாப்பும் மக்கள் நலனும்தான் காரணம் என்று அரசு மறுத்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் உரிமைக்கு 2011 வரை மறுபடி கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. நாட்டு நலன்னு ஒரு பெரிய வார்த்தை சொல்லும்போது, யாரோட வீடு அதுக்குள்ள நசுங்குதுன்னு பார்க்கணும்.

இதுக்குத் தீர்வா பல நாடுகள் இப்போ வருமானத்துல ஒரு பங்கை சுரங்கப் பகுதிக்கே ஒதுக்குது. இந்தியாவிலும் 2015 சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கணும். சுரங்கக் கம்பெனிகள் ராயல்டிக்கு மேல ஒரு தொகையை அதுல கட்டணும். குடிநீர், மருத்துவம், கல்விக்கு முன்னுரிமை. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா அந்தக் காசுல என்ன வேலை நடக்கணும்னு முடிவு செய்ற கூட்டத்துல கிராமத்துக்காரங்க குரல் எவ்வளவு கேக்குதோ, அந்த அளவுக்குத்தான் பலன்.

கல்லா விக்கிறதா, பட்டை தீட்டி விக்கிறதா?

இங்க நம்ம நாட்டுக்கும் தொடர்பு வருது. உலகத்து வைரங்கள்ல பத்துக்கு ஒன்பது பட்டை தீட்டப்படுறது குஜராத்தின் சூரத்துல. ஆனா சூரத்துல வைரச் சுரங்கம் கிடையாது! கல் ஒரு நாட்டுல, கைவேலை இன்னொரு நாட்டுல, நகைக்கடை மூணாவது நாட்டுல.

"நம்ம கல்லுக்கு நாமளே பட்டை தீட்டுனா என்ன?"ன்னு போட்ஸ்வானாவும் கேட்டது. டி பியர்ஸுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதை நிபந்தனையாக வைத்தது. 2013-ல் வைரம் தரம் பிரித்து விற்கும் வேலையே லண்டனிலிருந்து தலைநகர் கபரோனுக்கு இடம் மாறியது. இந்திய வைர கம்பெனிகளும் அங்கே பட்டறை போட்டன. டெப்ஸ்வானா உற்பத்தியில் ஒரு பகுதியை அரசின் சொந்த நிறுவனமே நேரடியாக விற்கவும் வழி வந்தது.

ஆனா இது நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. பல தலைமுறை கைத்திறனும் குறைஞ்ச கூலியும் இருக்குற சூரத்தோட போட்டி போடணும். அதனால கபரோன்ல பெரிய, விலை கூடின கல்லுங்களைத் தீட்டுறதுல கவனம் வச்சாங்க. இந்தோனேசியாவும் இதே வழியில் 2020-ல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. உருக்காலைகள் வந்து குவிந்தன. கூடவே அதற்காக எரித்த நிலக்கரிப் புகையும் வந்தது. மதிப்புக் கூட்டுறதுக்கும் ஒரு விலை இருக்கு.

வைரம் என்றென்றைக்குமா?

இப்போ போட்ஸ்வானாவுக்குத் தலைவலி ஆரம்பிச்சிருக்கு. நாட்டோட ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் வைரம்தான். இந்த ஐம்பது வருஷத்துல இன்னொரு பெரிய தொழிலை வளர்க்க முடியலை. சுரங்கத்துல இயந்திரம்தான் நிறைய, ஆள் கம்மி. அதனால வேலையில்லாத் திண்டாட்டம் 20 சதவீதத்துக்கு மேல். ஏழை பணக்காரன் இடைவெளி உலகத்துலயே பெரிய இடைவெளிகள்ல ஒண்ணு.

இந்த நேரத்துல லேப்ல செய்ற வைரம் வந்துடுச்சு. அதே கார்பன், அதே படிக அமைப்பு, விலை மட்டும் பல மடங்கு கம்மி. வைர விலை சரிந்து, 2024-ல் போட்ஸ்வானாவின் பொருளாதாரமே சுருங்கியது. அதே வருஷம் அக்டோபர் தேர்தலில், சுதந்திரத்திலிருந்து 58 வருஷம் ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பூலா நிதியின் சேமிப்பும் நல்லாவே கரைஞ்சிருக்கு.

முன்னாடியே ஒரு மணி அடிச்சிருந்துச்சு. செலெபி-பிக்வே என்ற ஊரே ஒரு செம்பு-நிக்கல் சுரங்கத்தைச் சுத்தி வளர்ந்தது. 2016 அக்டோபரில் அந்தச் சுரங்கம் நஷ்டத்தில் திடீரென மூடியது. ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. மளிகைக்கடை, வாடகை வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பி இருந்தவைதான். சுரங்கத்தைத் திறக்கும்போதே மூடுற நாளுக்கும் திட்டம் போடணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

ஆனா ஒண்ணு கவனிங்க. வைரம் படுத்தும் போட்ஸ்வானா நவ்ரு ஆகலை. ரோடு இருக்கு, ஸ்கூல் இருக்கு, கோர்ட் இருக்கு, ஓட்டுப் போட்டு ஆட்சியை அமைதியா மாத்துற மக்கள் இருக்காங்க. வைரத்தை வச்சு வாங்குன அந்தச் சொத்துங்கதான் அடுத்த அடி எடுத்து வைக்க மிச்சம்.

சரி, இது நமக்கு எதுக்கு?

இதைப் படிச்சுக்கிட்டு இருக்குற போனுக்குள்ள கோபால்ட் இருக்கலாம். உலகின் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது. அங்க கையால தோண்டுற தொழிலாளிகளும் ஏராளம். எலக்ட்ரிக் வண்டி, சோலார், பேட்டரின்னு நாம போற பாதை முழுக்க லித்தியம், நிக்கல், செம்பு வேணும். 1967-ல் போட்ஸ்வானா முன்னாடி நின்ன கேள்வி இன்னைக்குப் பல ஏழை நாடுகள் முன்னாடி நிக்குது.

நம்மில் சில பேர் நாளைக்கு அந்தச் சுரங்கங்களுக்கு மெஷின் டிசைன் பண்ணுவோம், சாஃப்ட்வேர் எழுதுவோம், அணைக்குக் கணக்குப் போடுவோம். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 270 பேர் செத்துப்போனாங்க. தொழிலாளிகள் சாப்பிடுற கேன்டீனே அணைக்குக் கீழதான் இருந்துச்சு. அந்த அணை உறுதியா இருக்குன்னு சில மாசம் முன்னாடிதான் சான்று கொடுத்திருந்தாங்க. அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டதும் நம்மள மாதிரி படிச்ச ஆட்கள்தான்.

அதனால, அடுத்த தடவை "அங்க இவ்வளவு டன் லித்தியம் கண்டுபிடிச்சாச்சு, இனி அந்த நாடு பணக்கார நாடு"ன்னு செய்தி பார்த்தா, இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுப் பாருங்க:

1. கல் யாருக்குச் சொந்தம்னு முன்னாடியே சட்டம் இருக்கா?
2. கல்லோட உண்மையான விலையைச் சொல்ற ஆள் அந்த நாட்டுப் பக்கம் இருக்காரா?
3. வர்ற காசு தினசரிச் செலவுக்குப் போகுதா, நிலைச்சு நிக்குற சொத்தா மாறுதா? கணக்கை யார் பார்க்குறாங்க?
4. பக்கத்து ஊர்க்காரங்களைக் கேட்டாங்களா? அவங்க "வேண்டாம்"னு சொன்னா அதுக்கு மதிப்பு உண்டா?
5. சுரங்கம் மூடுன மறுநாள் அந்த ஊர்ல என்ன வேலை இருக்கும்?

ஒரு சின்ன விஷயத்தோட முடிச்சுக்கிறேன். 1970-களின் நடுவில் போட்ஸ்வானாவுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் தேவைப்பட்டது. ஒராபா சுரங்கம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனாலும் மக்கள் வைரக் காசுக்காகக் காத்திருக்கலை. "ஆளுக்கொரு மாடு"ன்னு ஒரு இயக்கம் நடத்துனாங்க. மாடு இருந்தவங்க மாடு கொடுத்தாங்க, இல்லாதவங்க தானியம், முட்டை, காசுன்னு முடிஞ்சதைக் கொடுத்தாங்க. இன்னைக்கு கபரோன்ல இருக்குற போட்ஸ்வானா பல்கலைக்கழகம் அப்படி எழுந்ததுதான்.

வைரம் மண்ணுல கிடைச்சுது. அதைக் காப்பாத்துன குணம் அந்த மாட்டுத் தொழுவத்துல ஏற்கெனவே இருந்திருக்கு.

அடுத்த இதழ்ல சந்திப்போம், மக்களே!